மவுண்ட் ரோடு எப்படி மவுண்ட் ரோடு ஆனது?

"மவுண்ட் ரோடு என்கிற அண்ணா சாலையைச் சென்னையின் ராஜபாட்டை என்கிறார்களே, அப்படி அங்கே என்னதான் இருக்கிறது? அந்தக் கட்டடங்களை யார் கட்டினார்கள், யார் புழங்கினார்கள்?" என்பது கேள்வி. இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன். இந்தச் சாலையில் எந்தக் கட்டடத்தைப் பார்த்தாலும், அதன் வாசலுக்குள் அன்றைக்கு யார் நுழைய முடிந்தது, யார் வெளியே நின்றார்கள் என்று கேட்டால்தான் அதன் வரலாறு பிடிபடும்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். இதை ராஜபாட்டையாக யாரும் வரைபடம் போட்டு அமைக்கவில்லை. செயின்ட் ஜார்ஜ் கோட்டையிலிருந்து, செயின்ட் தாமஸ் மவுண்ட் என்ற பறங்கிமலைக்குப் போகும் வழி, அவ்வளவுதான். மலை மேல் புனித தோமையார் கோயில் இருந்ததால் யாத்திரிகர்கள் போனார்கள், பிறகு மலையடிவாரத்தில் ராணுவ முகாம் வந்ததால் சிப்பாய்கள் போனார்கள். இந்த வழியில் முதல் பெரிய கட்டுமானத்தைச் செய்தவர் ஆங்கிலேயரே இல்லை. கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர், 1726ல் சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேல் தன் சொந்தப் பணத்தில் பாலம் கட்டினார். அதைப் பராமரிக்கவும் பணம் ஒதுக்கி வைத்தார், பறங்கிமலையில் ஏறப் படிக்கட்டும் அமைத்தார். மர்மலாங் பாலம் என்று இருநூறு ஆண்டுகளுக்கு மேல் புழக்கத்தில் இருந்த அதன் இடத்தில்தான் 1960களில் மறைமலையடிகள் பாலம் வந்தது. பழைய பாலத்தின் கல்வெட்டு மட்டும் சாலையோரம் இன்னமும் நிற்கிறது. தினமும் அதைத் தாண்டிப் போகும் பல ஆயிரம் பேரில் அது என்ன கல் என்று தெரிந்தவர்கள் மிகக் குறைவு என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

சாலையின் தெற்குப் பாதிக்கு இன்னொரு கதை இருக்கிறது. இன்றைக்குத் தேனாம்பேட்டை, நந்தனம் பக்கம் நின்று மேற்கே பார்த்தால் தியாகராய நகர் தெரியும். நூறு ஆண்டுகளுக்கு முன்பு அங்கே தண்ணீர்தான் தெரிந்திருக்கும். நுங்கம்பாக்கத்திலிருந்து மாம்பலம் வரை நீண்டு கிடந்த ஏரி அது. வெள்ளைக்காரர்கள் அதில் படகு விட்டார்கள். அதன் கிழக்குக் கரையை ஒட்டித்தான் மவுண்ட் ரோடு போனது. 1920களில் ஏரியை வடித்துவிட்டு மனை போட்டார்கள், தி.நகர் பிறந்தது. மழைக்காலத்தில் அந்தப் பகுதியில் ஏன் தண்ணீர் தேங்குகிறது என்று கேட்பவர்களுக்கு வேறு பதில் தேவையில்லை.

சாலைக்கு முதலில் மதிப்பு வந்தது தோட்ட வீடுகளால். பிரெஞ்சுக்காரர்களோடு நடந்த சண்டைகள் ஓய்ந்து பயம் தெளிந்ததும், கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகள் கோட்டைக்குள் நெருக்கியடித்து வாழ விரும்பவில்லை. சாலையின் இருபுறமும் இருந்த வெட்டவெளியில் ஏக்கர் கணக்கில் வளைத்து, நடுவில் வெள்ளைச் சுண்ணாம்பு பூசிய பெரிய வீடு, சுற்றிலும் மரங்கள் என்று அமைத்துக்கொண்டார்கள். கவர்னருக்கும் அப்படி ஒரு தோட்ட வீடு கிடைத்தது. ஒரு போர்ச்சுகீசிய வணிகக் குடும்பத்திடமிருந்து 1753ல் வாங்கிய அந்த இடம்தான் பின்னாளில் அரசினர் தோட்டம் ஆனது. பக்கத்திலேயே சேப்பாக்கத்தில் ஆற்காட்டு நவாப் அரண்மனை கட்டிக் குடியேறினார். அவர் குடும்பத்தின் உம்தா பாக் தோட்டத்தில்தான் இன்றைய காயிதே மில்லத் கல்லூரி இருக்கிறது. கொஞ்சம் தள்ளி, முஹர்ரம் நாட்களில் ஷியா முஸ்லிம்கள் கூடுவதற்கென்று நவாப் குடும்பம் கட்டிய மண்டபத்தில் ஆயிரம் விளக்குகள் ஏற்றுவார்கள். ஒரு பேட்டைக்கே அதனால் பெயர் வந்தது. இன்னும் கொஞ்சம் தெற்கே, 1816ல் அர்ப்பணிக்கப்பட்ட செயின்ட் ஜார்ஜ் பேராலயம். அதில்தான் 1947 செப்டம்பரில் தென்னிந்தியத் திருச்சபை உருவானது. விடுதலை கிடைத்த அடுத்த மாதமே, பிரிந்து கிடந்த சபைகள் ஒன்றாகி, உள்ளூர் நிர்வாகத்தின் கீழ் வந்த நிகழ்வு அது.

இந்தக் காலத்துக் கட்டடங்களில் நின்று பார்க்க வேண்டியது ராஜாஜி மண்டபம். கவர்னராக இருந்த எட்வர்டு கிளைவ், ராபர்ட் கிளைவின் மகன், விருந்து மண்டபமாகக் கட்டச் சொன்னது. திப்பு சுல்தான் 1799ல் வீழ்ந்ததைக் கொண்டாடுவதற்காக எழுப்பி, 1802ல் முடித்தார்கள். வடிவமைத்தவர் ஜான் கோல்டிங்ஹாம், மதராஸ் வானாய்வுக் கூடத்தின் வானியலாளர். கிரேக்கக் கோயில் மாதிரி உயர்ந்த மேடை, வரிசைத் தூண்கள், முகப்பில் அகன்று இறங்கும் படிகள். அண்ணாந்து பார்த்து ஏற வேண்டும் என்பதற்காகவே அவ்வளவு படிகள். ஒரு நூற்றாண்டுக்கு மேல் அந்தப் படிகளில் ஏறியவர்கள் கவர்னரின் அழைப்பிதழ் பெற்றவர்கள் மட்டுமே. பின்பு என்ன ஆயிற்று? 1969ல் அண்ணா, 1987ல் எம்.ஜி.ஆர்., 2016ல் ஜெயலலிதா, 2018ல் கருணாநிதி என்று தலைவர்களின் உடல்களை மக்கள் பார்வைக்கு வைத்த இடம் அதே படிக்கட்டு. பின்னிரவில் லாரி பிடித்து வந்தவர்களும், பிள்ளையைத் தோளில் தூக்கி வந்தவர்களும் வரிசையில் நின்று அழுதது அங்கேதான். இந்தச் சாலையின் முழு மாற்றத்தையும் ஒரே கட்டடத்தில் காட்டச் சொன்னால் நான் இதைத்தான் காட்டுவேன்.

கவர்னர் வாழ்ந்த பழைய மாளிகைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. புதிய சட்டமன்ற வளாகத்துக்காக அதை இடித்தார்கள். வளாகம் 2010ல் திறக்கப்பட்டது, 2011ல் ஆட்சி மாறியது, 2014ல் அது பல்நோக்கு அரசு மருத்துவமனை ஆனது. கட்டடக்கலை என்று பார்த்தால் எனக்கு அந்த வட்ட வடிவக் கட்டடம் பிடிக்கவில்லை. ஆனால் கவர்னர் தோட்டத்தில் இன்று ஏழை நோயாளிகள் சீட்டு வாங்கக் காத்திருக்கிறார்கள் என்பதை நான் குறைத்துப் பேச மாட்டேன்.

அப்புறம் வந்தவர்கள் கடைக்காரர்கள். மவுண்ட் ரோட்டை நாம் அறிந்த மவுண்ட் ரோடாக ஆக்கியது அவர்கள்தான். தோட்ட வீடுகளில் இருந்த துரைகளும் துரைசானிகளும் கருப்பர் நகரத்துச் (இன்றைய ஜார்ஜ் டவுன்) சந்துக்குள் போய்ச் சாமான் வாங்க மாட்டார்கள், ஆகவே கடை அவர்களைத் தேடி வந்தது. சிம்சன் 1840ல் குதிரை வண்டி கட்ட ஆரம்பித்தது. ஹிக்கின்பாதம்ஸ் புத்தகக் கடை 1844, பி.ஆர் கடிகாரக் கடை 1846, ஸ்பென்சர்ஸ் பல்பொருள் கடை 1863. ஆரம்பத்தில் சின்னக் கடைகளாக இருந்தவை, பணம் சேரச் சேரப் பெரிய முகப்புகளாக எழுந்தன. பி.ஆர் அண்ட் சன்ஸ் கட்டடம் 1870களில் ராபர்ட் சிஷோம் வடிவமைத்தது. இந்திய, இஸ்லாமிய, ஐரோப்பியக் கட்டடக்கலைகள் கலந்த சென்னையின் இந்தோ-சராசெனிக் பாணிக்கு அடித்தளம் போட்டவர் அவர். கடிகாரக் கோபுரத்தைப் பார்த்து ஊரே நேரம் சரிசெய்துகொண்டது. பலருக்குத் தெரியாத விஷயம், அந்தக் கடையின் பெருமைக்குக் காரணமான 'சுவாமி' நகைகளையும் வெள்ளிப் பாத்திரங்களையும் செதுக்கியவர்கள் உள்ளூர்க் கம்மாளர்கள். கோயில் சிற்பத்தில் இருக்கும் தெய்வ உருவங்களைத் தேநீர்க் குவளையின் மேல் புடைப்பாக அடித்துக் கொடுத்தார்கள், அதை லண்டனில் வியந்து வாங்கினார்கள். முன்வாசல் வாடிக்கையாளருக்கு, பட்டறை வாசல் கம்மாளருக்கு.

ஸ்பென்சர்ஸின் பழைய கட்டடத்தைப் பார்த்தவர்கள் இன்றும் அதைப் பற்றிப் பேசும்போது குரல் மாறுவதைக் கவனித்திருக்கிறேன். யூஜீன் ஓக்ஷாட் முதலாளியாக இருந்தபோது 1895ல் எழுந்தது. கட்டடக் கலைஞர் போக்சனின் வடிவமைப்பு. செங்கல் சிவப்பு, கூரான கோபுரங்கள், உள்ளே ஒரே கூரையின் கீழ் சுருட்டிலிருந்து சாராயம் வரை. 1980களில் தீயில் அழிந்தது. அந்த இடத்தில் எழுந்த ஸ்பென்சர் பிளாசா, பெரிய வணிக வளாகம் என்ற ஒன்றை 1990களில் சென்னைக்கு அறிமுகப்படுத்தியது. முன்பு அழகு இருந்தது, கதவு திறக்கவில்லை. பின்பு கதவு திறந்தது, அழகு போய்விட்டது. காசில்லாமல் உள்ளே போய்க் குளிர்சாதனக் காற்றில் சுற்றிவிட்டு வெளியே வர முடிந்த முதல் பெரிய கடைக்கட்டு பலருக்கு அதுதான்.

சிம்சனைப் பற்றித் தனியாகவே எழுதலாம். குதிரை வண்டியில் ஆரம்பித்து, 1903ல் நீராவிக் கார் ஒன்றை உள்ளூரிலேயே கட்டி ஓட்டினார்கள். மவுண்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்திய டி ஏஞ்சலிஸ் விமானம் பறக்கவிட ஆசைப்பட்டபோது, 1910ல் அதையும் சிம்சன் பட்டறையில்தான் கட்டிக் கொடுத்தார்கள். வண்டி கட்டும் தொழிலைச் சுற்றி கார் விற்பனை வளர்ந்தது, கார் விற்பனையைச் சுற்றி உதிரிபாகக் கடைகள் வளர்ந்தன. இன்றைக்கு ஜி.பி. ரோட்டில் (ஜெனரல் பேட்டர்ஸ் சாலை) சீட் கவர் மாட்டுகிறவரும், புதுப்பேட்டையில் பழைய வண்டியைப் பிரித்துப் பாகம் பாகமாக விற்பவரும் அந்தத் தொழிலின் வழிவந்தவர்கள்தாம். பக்கத்து ரிச்சி தெருவில் மின்னணுச் சாமான் வாங்க வரும் பாலிடெக்னிக் மாணவனுக்கு மவுண்ட் ரோடு என்றால் அந்தச் சந்துதான்.

கிளப்புகளைச் சொல்லாமல் சமூக வரலாறு முழுமையாகாது. 1832ல் தொடங்கிய மெட்ராஸ் கிளப் வெள்ளையருக்கு மட்டும். உயர் நீதிமன்ற நீதிபதியாகவே இருந்தாலும் இந்தியர் என்றால் உறுப்பினர் ஆக முடியாது. அதனால் 1873ல் இந்தியர்களும் சேரக்கூடிய, அதே சாலையில் இருக்கும் காஸ்மாபாலிட்டன் கிளப் உருவானது. அதில் நுழைந்தவர்களும் வக்கீல்கள், ஜமீன்தார்கள், திவான்கள்தாம். கதவு திறந்தது உண்மை, ஆனால் ஒரு விரற்கடைதான். மெட்ராஸ் கிளப்பின் தோட்டம் பிறகு இந்தியன் எக்ஸ்பிரஸ் நிறுவனத்தின் கைக்கு வந்தது. 2010 முதல் அந்த நிலத்தில் எக்ஸ்பிரஸ் அவென்யூ வளாகம் இயங்குகிறது. பழைய கிளப் கட்டடத்தின் தூண்களில் இரண்டையாவது வைத்திருக்கலாம்.

சிலைகளுக்கு வருவோம். ஊர்க்காரர்களின் மனசு எப்படி மாறியது என்பது இங்கே நன்றாகத் தெரியும். தீவுத்திடலில் குதிரை மேல் உட்கார்ந்திருக்கும் தாமஸ் மன்றோவை எல்லோரும் பார்த்திருப்பார்கள். லண்டன் சிற்பி சான்ட்ரி செய்தது, 1830களின் இறுதியில் நிறுவப்பட்டது. சேணமும் அங்கவடியும் இல்லாத குதிரை. சிற்பி மறந்துவிட்டார் என்று ஊரில் ஒரு கதை நெடுநாளாக உண்டு. விவசாயியிடமே நேரடியாக நிலவரி வாங்கும் ரயத்துவாரி முறையைக் கொண்டுவந்தவர், 1827ல் காலராவில் இறந்தவர். அவர் சிலையை அகற்ற வேண்டும் என்று பெரிய போராட்டம் எதுவும் வெடிக்கவில்லை. ஆனால் ஸ்பென்சர்ஸ் அருகே நின்ற கர்னல் நீல் சிலை விஷயம் வேறு. 1857 எழுச்சியை ஒடுக்கியபோது அலகாபாத்திலும் கான்பூரிலும் கண்ணில் பட்டவர்களை எல்லாம் தூக்கிலிட்ட மனிதர் நீல். 1927ல் அந்தச் சிலையை அகற்றக் கோரி சத்தியாகிரகம் தொடங்கியது. மாகாணத்தின் பல ஊர்களிலிருந்து தொண்டர்கள் வந்து கைதானார்கள், இளைஞரான காமராஜரும் அதில் பங்கேற்றார். கடைசியில் 1937ல் ராஜாஜி அமைச்சரவை வந்த பிறகுதான் சிலையை எடுத்து எழும்பூர் அருங்காட்சியகத்தில் வைத்தார்கள்.

விடுதலைக்குப் பிறகு சிலைகளின் மொழியே மாறியது. வாலாஜா சாலை சந்திப்பில், ஊரார் ரவுண்டானா என்று சொன்ன இடத்தில், 1968 புத்தாண்டு அன்று அண்ணா சிலை திறக்கப்பட்டது. சிலைக்கான செலவு எம்.ஜி.ஆருடையது. அண்ணா உயிரோடு இருந்தபோதே நடந்தது இது. அவர் மறைந்த பிறகு சாலைக்கே அவர் பெயர் வந்தது. சிம்சன் எதிரே பெரியார் சிலை. ஜி.பி. ரோடு முனைக்கருகே 1975ல் கருணாநிதிக்குச் சிலை வைத்தார்கள். 1987 டிசம்பரில் எம்.ஜி.ஆர். மறைந்த அன்று கலவரக் கூட்டம் அதை உடைத்தது. கடப்பாரையோடு ஓர் இளைஞன் சிலையின் மார்பில் குத்தும் புகைப்படம் தமிழ்நாடு முழுக்கத் தெரியும். 2022ல் கருணாநிதிக்குப் புதிய சிலை, ஓமந்தூரார் தோட்டம் எனப்படும் அதே அரசினர் தோட்டத்தில் வந்தது. தமிழக அரசியலின் கோபமும் பாசமும் கைக்கெட்டும் தூரத்தில் நடந்த சாலை இது.

பத்திரிகைகள் இன்னொரு பக்கம். தி இந்து 1883ல் இந்தச் சாலைக்கு வந்தது. 'மவுண்ட் ரோடு மகாவிஷ்ணு' என்று அதை ஒரு காலத்தில் அரசியல்வாதிகள் குத்திக் காட்டுவார்கள். பக்கத்திலேயே வெள்ளை வணிகர்களின் குரலாக இருந்த மெட்ராஸ் மெயில். வைட்டவே லெய்ட்லா என்ற ஆங்கிலத் துணிக்கடை இருந்த கட்டடத்தைச் சுதேசமித்திரன் வாங்கி 'விக்டரி ஹவுஸ்' என்று வைத்துக்கொண்டது. பின்பு அது வி.ஜி.பி.யின் கைக்குப் போனது. சீமைத் துணிக்கடை, தேசியப் பத்திரிகை, தவணையில் மிக்சியும் ரேடியோவும் கொடுத்த தமிழர் கடை என்று ஒரே சுவருக்குள் மூன்று காலங்கள்.

இனி சினிமா. சாதாரண மனிதனுக்கு மவுண்ட் ரோட்டின் கதவு முழுசாகத் திறந்தது சினிமாக் கொட்டகையில்தான் என்பது என் திடமான கருத்து. 1913ல் வார்விக் மேஜர் என்பவர் தொடங்கிய எலெக்ட்ரிக் தியேட்டர் கட்டடம் அஞ்சலக வளாகத்துக்குள் தபால்தலைப் பிரிவாக இன்றும் இருக்கிறது. ஓட்டுக் கூரை போட்ட சின்னக் கட்டடம்தான், தவறாமல் போய்ப் பாருங்கள். மறுவருடம் ரகுபதி வெங்கையா கெயிட்டியைக் கட்டினார். மதராஸில் இந்தியர் ஒருவர் சொந்தமாகக் கட்டிய முதல் தியேட்டர் அது. வெலிங்டன், நியூ எல்பின்ஸ்டன், 1941ல் கேசினோ. விடுதலைக்குப் பிறகு சாந்தி, ஆனந்த், 1964ல் சஃபையர், 1970ல் தேவி. சஃபையர் வளாகத்தில் மூன்று திரைகள். அவற்றில் புளூ டயமண்டில் படம் இடைவெளியில்லாமல் ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு டிக்கெட் எடுத்தால் எப்போது வேண்டுமானாலும் உள்ளே போகலாம், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இருக்கலாம். வேலை தேடி ஊரிலிருந்து வந்தவர்கள், கல்லூரிக்கு மட்டம் போட்டவர்கள், சித்திரை வெயிலுக்கு ஒதுங்கியவர்கள் என்று பலர் ஏ.சி. குளிரில் மத்தியானத்தைக் கழித்தார்கள். ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பு ஸ்பென்சர்ஸ் வாசலில் தயங்கி நின்றிருக்கக்கூடிய அதே ஆள், இங்கே கால் நீட்டி உட்கார்ந்தான். சிவாஜி படம் என்றால் சாந்தி வாசலில் திருவிழா. படம் முடிந்து புகாரியில் பிரியாணி. அவர்கள் 1951ல் தொடங்கியவர்கள், சிக்கன் 65 தங்கள் சமையலறையில் பிறந்தது என்பார்கள். இந்தக் கொட்டகைகளில் தேவி, கேசினோ போன்ற ஒன்றிரண்டைத் தவிர மற்றவை போய்விட்டன.

எல்.ஐ.சி. கட்டடத்தை நெருங்கிப் பார்ப்போம். இதைக் கனவு கண்டவர் எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார், யுனைடெட் இந்தியா ஆயுள் காப்பீட்டு நிறுவனத்தின் தலைவர். லண்டன் கட்டடக் கலைஞர்கள் பிரவுனும் மூலினும் வரைந்தார்கள், முடித்துக் கொடுத்தவர் சென்னையின் எல்.எம். சிட்டாலே. வேலை நடந்துகொண்டிருந்தபோதே, 1954 மார்ச்சில் சிங்கப்பூர் விமான விபத்தில் செட்டியார் இறந்தார். 1956ல் காப்பீடு தேசியமயமானது, பாதி எழும்பிய கட்டடம் எல்.ஐ.சி.யிடம் வந்தது. 1959 ஆகஸ்டில் மொரார்ஜி தேசாய் திறந்து வைத்தார். 177 அடி, 14 மாடி. சில ஆண்டுகள் இந்தியாவிலேயே உயரமான கட்டடம் இதுதான். கோபுரம், வளைவு, தூண் என்று எந்த அலங்காரமும் கிடையாது. நேர்க்கோடுகள், ஜன்னல்கள், மேலே மேலே மாடிகள், அவ்வளவே. ஆனாலும் ஊரிலிருந்து வந்தவர்கள் கீழே நின்று மாடியை எண்ணிவிட்டுத்தான் போனார்கள். நகரம் என்று காட்ட சினிமாக்காரர்கள் சென்ட்ரலுக்கு அடுத்து இதைத்தான் காட்டினார்கள். 1975ல் தீப்பிடித்தபோதும் கட்டடம் நின்றது, சீர்செய்து மறுபடி இயக்கினார்கள்.

அதே எல்.ஐ.சி.க்குச் சொந்தமான இன்னொரு கட்டடம் சற்றுத் தள்ளி, ஜி.பி. ரோடு முனையில் இருக்கிறது. பாரத் இன்ஷூரன்ஸ் கட்டடம். 1897ல் டபிள்யூ.இ. ஸ்மித் என்ற மருந்து வணிகருக்காகக் கட்டடக் கலைஞர் ஸ்டீபன்ஸ் வடிவமைத்தது. அப்போது கார்டில் கட்டடம் என்று பெயர். சிவப்புச் செங்கல், மினார் போன்ற கூர்முனைகள், அடுக்கடுக்கான வளைவுகள், நீண்ட தாழ்வாரங்கள். 1934ல் பாரத் காப்பீட்டு நிறுவனம் வாங்கியது, தேசியமயத்தில் எல்.ஐ.சி.க்குப் போனது. 2006ல் இடிக்க ஆரம்பித்தபோது பாரம்பரியச் சின்னங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பு உயர் நீதிமன்றம் போய்த் தடை வாங்கியது. இடிப்பது நின்றது, ஆனால் பழுது பார்க்கும் வேலை நடக்கவில்லை. பாதி உடைந்த நிலையில், சுவர்ப் பிளவுகளில் அரசமரம் வேர்விட ஆண்டுகள் ஓடின. வழக்கில் ஜெயித்தால் மட்டும் ஒரு கட்டடம் பிழைத்துவிடாது. மேலே ஏறிச் செடியைப் பிடுங்கவும், சுண்ணாம்புக் காரை பூசவும் பணமும் ஆளும் ஒதுக்க வேண்டும். தமிழ்நாட்டில் பாரம்பரியச் சின்னங்களுக்கான ஆணையச் சட்டம் 2012ல் நிறைவேறியது, நடைமுறைக்கு வரப் பத்தாண்டுக்கு மேல் ஆனது. அந்த இடைவெளியில் நகரம் இழந்தது கொஞ்சநஞ்சம் இல்லை.

மெட்ரோ வந்த பிறகு சாலைக்கு அடியில் இன்னொரு வழி ஓடுகிறது. வேலை நடந்தபோது பி.ஆர் கடையின் பின்பகுதிக் கட்டடம் போனது. 2017 ஏப்ரலில் சர்ச் பார்க் அருகே சாலை திடீரென்று உள்வாங்கி ஒரு பேருந்தும் காரும் பள்ளத்தில் இறங்கின, நல்லவேளையாக உயிர்ச்சேதம் இல்லை. 2019 பிப்ரவரியில் டி.எம்.எஸ். – வண்ணாரப்பேட்டை சுரங்கப் பாதை திறந்ததும் அண்ணா சாலை முழுக்க மெட்ரோ வசதி வந்தது. அதன் பிறகு தேனாம்பேட்டைக்கும் சைதாப்பேட்டைக்கும் இடையே சுமார் 3.2 கி.மீ. நீளத்துக்கு உயர்மட்டச் சாலை வேலையைத் தொடங்கினார்கள். கீழே சுரங்கம் இருப்பதால் பாரம் குறைய எஃகுப் பாகங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். 1973ல் ஜெமினி ஸ்டுடியோ அருகே சென்னையின் முதல் மேம்பாலம் வந்தபோது அதை வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடியது.

நேரில் பார்க்க நினைப்பவர்கள் ஞாயிறு காலை ஏழு மணிக்கு அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கித் தெற்கே நடங்கள். வண்டி குறைவாக இருக்கும், மாடி முகப்புகளை நின்று பார்க்கலாம். பெயர்ப் பலகைகளுக்கு மேலே பாருங்கள். கடைகள் மாறினாலும் முதல் மாடிக்கு மேல் பழைய வளைவுகளும் காரைப்பூச்சும் பல இடங்களில் அப்படியே இருக்கின்றன. ஹிக்கின்பாதம்ஸுக்குள் போக வேண்டுமானால் வேலை நாளில் வாருங்கள், 1904ல் கட்டிய அந்தக் கூடத்தின் உயரமும் வண்ணக் கண்ணாடிகளும் உள்ளே போனால்தான் தெரியும்.